பொய், பணம், குளத்தில் விழுந்த குழந்தை: நவீன அறவியலும் ஆதிக் கிறிஸ்தவ எழுத்துகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டம் பக்கத்தில் எங்கள் ஊர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பத்துப் பேர் கூடுவோம். ஓய்வுபெற்ற போதகர் ஒருவர், ரப்பர் பால் வெட்டும் அண்ணன் ஒருவர், கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்பிள்ளைகள், அய்யாவழிக்காரர் ஒருவர், கடவுளே வேண்டாம் என்கிற ஒருவர், அப்புறம் நான், இன்னும் சிலர். இரண்டு வருடமாக ஒரு வாரம் காண்ட், மில், நீட்சே போன்ற நவீன ஐரோப்பியத் தத்துவவாதிகள் என்றும் மறு வாரம் முதல் சில நூற்றாண்டுகளின் கிறிஸ்தவ எழுத்துகள் என்றும் மாற்றி மாற்றி வாசித்து வருகிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவிட்டேன். பதில்கள் என்னுடையவை. கூட்டத்தில் எல்லோரும் இதை ஒத்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம்.

ஆதிக் கிறிஸ்தவ எழுத்து என்றால் பைபிள்தானே? வேறு என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. புதிய ஏற்பாட்டுக்கு வெளியே ‘திதாக்கே’, ‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’, தியோக்னேத்துக்கு எழுதிய கடிதம் போன்ற நூல்கள், யுஸ்தீன், தெர்த்துல்லியன், அலெக்சாந்திரியா கிளமெந்து போன்ற எழுத்தாளர்கள், பிறகு 4ஆம் நூற்றாண்டில் பேசில், நீசாவின் கிரகோரி, கிறிசோஸ்தோம், அகஸ்தீன் போன்ற ஆயர்கள். நவீன தத்துவம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டது 17ஆம் நூற்றாண்டின் ஸ்பினோசாவிலிருந்து இன்று உயிரோடிருக்கும் பீட்டர் சிங்கர் வரை.

நவீன தத்துவவாதிகளுக்கும் ஆதிக் கிறிஸ்தவர்களுக்கும் அடிப்படை வித்தியாசம் என்ன?

யாருக்கு எழுதினார்கள் என்று பார்த்தால் பாதி விளங்கிவிடும். காண்ட் 1785இல் தன் அறவியல் நூலை எழுதும்போது, பகுத்தறிவுள்ள எந்த உயிருக்கும் செல்லுபடியாகும் ஒரு விதியைத் தேடினார். நீ நடக்கும் முறை எல்லோருக்கும் சட்டமானால் உனக்குச் சம்மதமா என்பது அவருடைய சோதனை. மில் 1861இல் எழுதியபோது, ஒரு செயலால் மொத்தத்தில் மகிழ்ச்சி கூடுமா குறையுமா என்று கணக்குப் பார்க்கச் சொன்னார், இதற்குப் பயன்வாதம் என்று பெயர். இரண்டு பேருக்கும் வாசகன் முகம் தெரியாத ஒருவன்.

ஆதிக் கிறிஸ்தவர்கள் எழுதியது ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் ஆட்களுக்கு. அதனால் கேள்விகளும் பந்தியில் எழுகிற கேள்விகளாகவே இருக்கின்றன. 3ஆம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட ‘திதஸ்காலியா’ என்ற ஒழுங்குநூலில் ஓர் இடம் வருகிறது. கூட்டத்துக்குள் ஓர் ஏழை வருகிறார், உட்கார இடமில்லை. அவருக்கு இடம் பண்ணிக் கொடுக்க வேண்டும், அதற்காக ஆயரே தரையில் உட்கார வேண்டி வந்தாலும் சரி என்கிறது அந்த நூல். இதை வாசித்த அன்று எங்கள் போதகர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. நம் ஊர் அசனங்களில் (சபை விருந்துகளில்) முதல் பந்தியில் யார் உட்காருகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால் ஆதி எழுத்தாளர்கள் பல நேரம் ஒரு வசனத்தைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். காரணம் கேட்பவனை உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசுவதில் காண்டும், 18ஆம் நூற்றாண்டு ஸ்காட்லாந்துத் தத்துவவாதி ஹியூமும் அவர்களைவிட மேல்.

‘உனக்குச் செய்யக்கூடாததைப் பிறருக்குச் செய்யாதே’ – இது எல்லோரும் சொன்னதுதானே?

ஆமாம். திதாக்கே என்ற சிறு போதனைநூல் தொடங்கும்போதே இதைச் சொல்கிறது. குறளிலும் ‘இன்னா எனத்தான் உணர்ந்தவை துன்னாமை வேண்டும் பிறன்கண் செயல்’ என்று இருக்கிறது. ‘பிறர் உங்களுக்குச் செய்ய விரும்புவதை நீங்களும் அவர்களுக்குச் செய்யுங்கள்’ என்ற நாசரேத்து இயேசுவின் பொன்விதியில் பயன்வாத அறவியலின் முழு ஆவியும் இருக்கிறது என்று மில் உரிமை கொண்டாடினார்.

காண்ட் மட்டும் ஓர் அடிக்குறிப்பில் இதை ஒதுக்கித் தள்ளினார். இதை மட்டும் வைத்துக்கொண்டால், தண்டனை பெறப்போகும் குற்றவாளி நீதிபதியைப் பார்த்து, ‘உங்களை ஜெயிலில் போட்டால் உங்களுக்குப் பிடிக்குமா?’ என்று கேட்டுவிடலாமே என்றார். குழித்துறை கோர்ட்டில் இந்த வாதம் எடுபடாது என்பது அவர் சொன்னதற்குச் சாட்சி.

கன்வென்ஷன் பிரசங்கிமாரை எடைபோட ஆதிச் சபையில் ஏதாவது வழி இருந்ததா?

சிரிப்பதற்காகக் கேட்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். ஆனால் நல்ல பதில் இருக்கிறது.

திதாக்கே என்றால் போதனை. முதல் நூற்றாண்டின் கடைசியிலோ அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டதாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். பெயர் மட்டும் தெரிந்திருந்த இந்த நூலின் கையெழுத்துப்படி 1873இல் கான்ஸ்டான்டிநோபிளில் பிலோத்தேயோஸ் பிரயேனியோஸ் என்பவர் கையில் கிடைத்து, 1883இல் அச்சானது. ‘இரண்டு வழிகள் உண்டு, ஒன்று வாழ்வின் வழி, ஒன்று சாவின் வழி’ என்று தொடங்குகிறது.

ஊர் ஊராகச் சுற்றும் பிரசங்கியார் வந்தால் என்ன செய்வது? வரவேற்க வேண்டும். ஒரு நாள் தங்கலாம், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் பொய்த் தீர்க்கதரிசி. புறப்படும்போது வழிக்கு அப்பம் வாங்கிக்கொள்ளலாம், காசு கேட்டால் பொய்த் தீர்க்கதரிசி. ஊரிலேயே குடியேற நினைக்கும் சாதாரண விசுவாசிக்குக் கைத்தொழில் தெரிந்திருந்தால் வேலை செய்து சாப்பிடட்டும். வேலை செய்ய மனமில்லாமல் சபையின் சோற்றிலேயே காலம் தள்ள நினைப்பவனுக்குக் கிரேக்கத்தில் ஒரே சொல்லில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் ‘கிறிஸ்து வியாபாரி’ என்று சொல்லலாம். மார்த்தாண்டம் ஜங்ஷன் சுவர்களில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சொல் ஞாபகத்துக்கு வரும்.

கொடுப்பவனுக்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரியும்வரை உன் தர்மக்காசு உன் கைக்குள்ளேயே வியர்க்கட்டும் என்கிறது. ‘கேட்கிறவனுக்குக் கொடு’ என்று அதற்குச் சற்று முன்புதான் சொல்லியிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுச் சமாதானம் எதுவும் சொல்லாமல் போய்விடுகிறது. எனக்கு இந்த நூல் பிடித்ததற்குக் காரணமே அதுதான்.

ஒரு உயிரைக் காப்பாற்றப் பொய் சொல்லலாமா?

இந்தக் கேள்விக்குத்தான் நாங்கள் நான்கு வாரம் செலவழித்தோம்.

காண்ட் 1797இல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். உன் நண்பன் உன் வீட்டில் ஒளிந்திருக்கிறான். கொலைகாரன் வாசலில் நின்று ‘அவன் உள்ளே இருக்கிறானா?’ என்று கேட்கிறான். அப்போதும் பொய் சொல்லக்கூடாது என்றார் காண்ட். ஒருவேளை நீ ‘இல்லை’ என்று சொல்கிற நேரத்தில் நண்பன் பின்வாசல் வழியாக இறங்கிப் போய், திரும்பிப் போகும் கொலைகாரன் கையில் மாட்டிக்கொண்டால், அந்தச் சாவுக்கு உன் பொய்யும் பொறுப்பு என்பது அவர் வாதம். ரப்பர் அண்ணன் இதைக் கேட்டதும், “இந்த ஆளு வீட்டுல ஒளிஞ்சா செத்தோம்” என்றார். உலகத்தில் இதை வாசித்த பெரும்பாலோர் கருத்தும் அதுதான்.

ஆனால் ஏறக்குறைய இதே கதையை 1400 வருடம் முன்பே அகஸ்தீன் எழுதியிருக்கிறார். 395 வாக்கில் எழுதிய ‘பொய்யைப் பற்றி’ என்ற நூலில், தன் சொந்த ஊரான தாகஸ்தேயில் முன்பு ஆயராக இருந்த ஃபிர்முஸ் என்பவரைப் பற்றிச் சொல்கிறார். அவரை நம்பி ஒருவன் ஒளிந்திருந்தான். பேரரசரின் ஆட்கள் தேடி வந்தார்கள். ஃபிர்முஸ், ‘நான் பொய்யும் சொல்ல மாட்டேன், அவனைக் காட்டியும் கொடுக்க மாட்டேன்’ என்றார். சித்திரவதை செய்தார்கள், அசையவில்லை. கடைசியில் பேரரசர் முன்னால் கொண்டுபோனார்கள். அவருடைய உறுதியைப் பார்த்து வியந்த பேரரசர், ஒளிந்திருந்தவனுக்கு மன்னிப்புக் கொடுத்துவிட்டார்.

இரண்டு கதைக்கும் முடிவு ஒன்றுதான்: பொய் கூடாது. ஆனாலும் ஃபிர்முஸ் கதை மனதை உறுத்தவில்லை, காண்ட் கதை உறுத்துகிறது. ஏன்? பொய் சொல்லாததற்கான விலையை ஃபிர்முஸ் தன் உடம்பால் கொடுக்கிறார். காண்ட் கதையில் அந்த விலையை நண்பன் கொடுக்கிறான். மௌனமாக நின்று அடிவாங்கும் மூன்றாவது வழியைப் பற்றி காண்ட் பேசுவதே இல்லை.

ஆதிச் சபையில் எல்லோரும் அகஸ்தீன் பக்கம் என்று நினைக்க வேண்டாம். கிறிசோஸ்தோம் தன் நண்பனை ஏமாற்றிக் குருப்பட்டம் வாங்க வைத்துவிட்டு, அதை நியாயப்படுத்த ஒரு மருத்துவர் கதை சொல்கிறார். காய்ச்சல்காரன் மருந்து குடிக்க மாட்டேன், திராட்சரசம்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். மருத்துவர் ஒரு மண்பாத்திரத்தைத் திராட்சரசத்தில் ஊறவைத்து, வாசனை ஏற்றி, அதில் தண்ணீரை ஊற்றி, அறையை இருட்டாக்கிவிட்டுக் குடிக்கக் கொடுக்கிறார். நோயாளி பிழைக்கிறான். யோவான் காசியன் என்ற துறவி இன்னும் கறாராகச் சொன்னார். பொய் ஒரு நச்சு மூலிகை, சாகக்கிடக்கும்போது சாப்பிட்டால் மருந்து, சும்மா சாப்பிட்டால் விஷம்.

கன்னியாகுமரிக் கடலில் 133 அடி உயரத்தில் நிற்கிறவரும் இந்த வழக்கில் ஒரு கட்சிதான். ‘பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.’ வள்ளுவர் கிறிசோஸ்தோம் பக்கம் என்று சொல்லலாம். ஆனால் ‘புரைதீர்ந்த’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். குற்றமற்ற நன்மை வேண்டும் என்கிறார். இலாபம் வந்தால் போதும் என்று அவர் சொல்லவில்லை. நண்பனை ஏமாற்றிப் பட்டம் வாங்க வைத்தது அதில் தேறுமா என்பது சந்தேகம்தான். நான் வள்ளுவர் பக்கம். போதகர் கடைசிவரை அகஸ்தீனை விட்டுக்கொடுக்கவில்லை.

தேவசகாயம் பிள்ளை வாயளவில் ஒன்றைச் சொல்லித் தப்பித்திருக்கலாமே?

நட்டாலத்தில் பிறந்து, மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர். கிறிஸ்தவராக மாறி, அந்த நம்பிக்கையைக் கைவிட மறுத்து, 1752இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார், 2022இல் புனிதர் பட்டம் பெற்றார். அவரைப் பற்றி இந்தக் கேள்வி அடிக்கடி வரும்.

ஆதிச் சபைக்கு இது பழைய தலைவலி. 250இல் பேரரசர் தேசியுஸ், எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட்டு அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிடாமலேயே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கிய கிறிஸ்தவர்கள் பலர். கலவரம் ஓய்ந்த பிறகு அவர்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று சபையே இரண்டுபட்டது. கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான், நிஜமாகப் பலியிட்டவனையும் காகிதம் மட்டும் வாங்கியவனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது என்றார். இரண்டு கூட்டத்துக்கும் மனந்திரும்பித் திரும்பிவர வழி திறந்தது. உயிர் கொடுத்தவனைக் கொண்டாடிய சபை, கொடுக்க முடியாதவனைக் கைவிடவில்லை என்பதைத்தான் நான் இங்கே முக்கியமாகப் பார்க்கிறேன்.

பீட்டர் சிங்கரின் குளத்துக் குழந்தை வாதம் என்ன? அதற்கும் ஆதிக் கிறிஸ்தவர்களுக்கும் என்ன சம்பந்தம்?

நேரான சம்பந்தம் இருக்கிறது. நம் மாவட்டத்தில் குளத்துக்குப் பஞ்சமில்லை, அதனால் உதாரணம் சட்டென்று புரியும். ஆழமில்லாத ஒரு குளத்தில் குழந்தை மூழ்குகிறது. இறங்கினால் வேட்டி சேறாகும், அவ்வளவுதான். இறங்காமல் போகிறவனை மனுஷன் என்று யாரும் சொல்ல மாட்டோம். சரி, அப்படியென்றால் ஆயிரம் மைல் தள்ளிப் பட்டினியால் சாகும் குழந்தைக்குப் பணம் அனுப்பாதவன் மட்டும் எப்படி யோக்கியன்? கிழக்கு வங்காள அகதிகள் பட்டினி கிடந்த 1971இல் எழுதி, 1972இல் வெளியிட்ட கட்டுரையில் சிங்கர் இதைக் கேட்டார். தூரம் ஒரு காரணமே அல்ல, நாம் தர்மம் என்று நினைப்பது உண்மையில் கடமை என்றார்.

சிங்கர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். ஆனால் அந்தக் கட்டுரையில் ஒரு துணைக்கு 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்வினாஸை அழைத்து வருகிறார். அக்வினாஸ் தன் துணைக்கு ஒரு பழைய மேற்கோளைக் கொண்டுவருகிறார்: நீ எடுத்து வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுடையது, பூட்டி வைத்திருக்கும் உடை ஆடையற்றவனுடையது. மிலான் ஆயர் அம்புரோஸ் சொன்னதாக அக்வினாஸ் கருதினார். அந்த வார்த்தைகளின் ஊற்று 4ஆம் நூற்றாண்டில் கப்பதோக்கியாவின் செசரியா நகரில் ஆயராக இருந்த பேசில். களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த மதிகெட்ட பணக்காரன் உவமையைப் பற்றிய பிரசங்கத்தில் வருவது. பேசில் இன்னும் நீளமாகவே அடுக்குகிறார். உன் வீட்டில் மக்கிப்போகிற செருப்பு வெறுங்காலோடு நடக்கிறவனுடையது, நீ புதைத்து வைத்த வெள்ளி தேவையுள்ளவனுடையது. அந்த ஊரில் கொடும் பஞ்சம் வந்தபோது களஞ்சியக்காரர்களைத் திறக்க வைத்துக் கஞ்சி ஊற்றியவர் அவர். சொல்வதற்கு அவருக்கு உரிமை இருந்தது. ஆக, நாத்திகத் தத்துவவாதியின் மிகப் புகழ்பெற்ற கட்டுரைக்குள் ஒரு ஆயரின் பிரசங்கம் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருக்கிறது.

வித்தியாசமும் உண்டு. சிங்கர், உன்னிடம் இருப்பது உன்னுடையதுதான், ஆனால் கொடுப்பது கடமை என்கிறார். பேசில், அது உன்னுடையதே இல்லை, திருடி வைத்திருக்கிறாய் என்கிறார்.

சிங்கரின் உதாரணத்தில் எனக்கு ஒரு குறை தெரிகிறது. காப்பாற்றுவதற்கான செலவு வெறும் சேறு. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீன்பிடிக்காரர்களிடம் கேட்டால் வேறு கணக்குச் சொல்வார்கள். ஆழ்கடலில் ஒரு போட்டு தத்தளிக்கிறது என்று வயர்லெஸ்ஸில் கேட்டால், மீனை விட்டுவிட்டு டீசலைச் செலவழித்துப் போக வேண்டும். ஐஸ் உருகும், அந்தக் கடல்பயணத்துக்குக் கடன்தான் மிஞ்சும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயல் அடித்தபோது கரையிலிருந்து தங்கள் போட்டிலேயே தேடிப் போனவர்கள் இருந்தார்கள். காணாமல் போனவர் தூரத்தில் இருக்கிறாரா பக்கத்தில் இருக்கிறாரா என்று அவர்கள் சிங்கரைப் படித்துவிட்டுத் தீர்மானிக்கவில்லை. அதே சமயம், அவர்கள் போனது தெரிந்த முகங்களைத் தேடி. தெரியாத முகத்துக்கும் அதே கடமை உண்டு என்று வாதாட சிங்கர் தேவைப்படுகிறார்.

பணக்காரன் இரட்சிக்கப்பட முடியுமா?

கிளமெந்து இதே தலைப்பில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். செல்வம் ஒரு கருவி, மனதிலுள்ள பேராசையைத்தான் விற்கச் சொன்னார் இயேசு என்று விளக்குகிறார். பணக்கார வாசகர்களுக்கு இதமான விளக்கம். எனக்கு அது கொஞ்சம் வழுக்கலாகப் படுகிறது.

‘ஹெர்மாஸின் மேய்ப்பன்’ சொல்லும் உவமை நம் ஊருக்கு நெருக்கம். காய்க்காத ஒரு மரம், அதில் படர்ந்த திராட்சைக்கொடி. தரையில் கிடந்தால் கொடி அழுகிய பழம் கொடுக்கும், மரத்தில் ஏறினால் நிறையக் காய்க்கும், அதனால் மரமும் காய்த்தது போலாகிறது. மரம் பணக்காரன், கொடி ஜெபிக்கும் ஏழை. முருக்கு மரத்தில் நல்லமிளகுக் கொடி ஏற்றி வளர்க்கும் நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் அய்யாவழி நண்பர், “கொடி என்னைக்குத்தான் மரமாகும்?” என்று கேட்டார். ஹெர்மாஸிடம் அதற்குப் பதில் இல்லை.

வெளியே இருந்தவர்கள் இவர்களுடைய ஒழுக்கத்தை எப்படிப் பார்த்தார்கள்?

112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசருக்கு எழுதிய கடிதத்தில், விசாரித்ததில் தெரியவந்ததைச் சொல்கிறார். விடியுமுன் கூடுகிறார்கள். திருடுவதில்லை, விபசாரம் செய்வதில்லை, சொன்ன சொல் தவறுவதில்லை, தங்களை நம்பி ஒப்படைத்த பணத்தைத் திரும்பக் கேட்டால் இல்லையென்று சொல்வதில்லை என்று உறுதியெடுத்துக்கொள்கிறார்கள். என் சிறுவயதில் எங்கள் தெருவில் சீட்டு நடத்திய ஒருவர் ஒரு ராத்திரியில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார். அம்மா ஏழு மாதம் கட்டிய பணம் அதில் போனது. பிளினியின் பட்டியலில் அந்தக் கடைசி உறுதியின் எடை எனக்கு அதனால் நன்றாகத் தெரியும்.

அடிமை முறையை அவர்கள் எதிர்த்தார்களா?

பெரும்பாலோர் எதிர்க்கவில்லை. மழுப்பாமல் ஒத்துக்கொள்வது நல்லது. அகஸ்தீன் அடிமைத்தனத்தைப் பாவத்தின் விளைவு என்று சொல்லி அப்படியே விட்டுவிட்டார்.

ஒரே ஒரு குரல் திகைக்க வைக்கிறது. பேசிலின் தம்பி, நீசாவின் கிரகோரி. ‘வேலைக்காரரையும் வேலைக்காரிகளையும் சம்பாதித்தேன்’ என்று பிரசங்கி புத்தகத்தில் வரும் வசனத்தைப் பிடித்துக்கொண்டு கேட்கிறார்: கடவுளின் சாயலுக்கு எத்தனை காசு விலை போட்டாய்? வாங்குபவன் யார், விற்பவன் யார்? காண்ட் 1785இல், ஒன்றுக்கு விலை இருக்கும் அல்லது மாண்பு இருக்கும், மனிதனுக்கு இருப்பது மாண்பு என்று எழுதியதை இதன் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 1400 வருட இடைவெளியில் ஒரே எண்ணம். அப்புறம் இதையும் சொல்லிவிடுகிறேன்: அதே காண்ட், மனித இனங்களை மேல் கீழ் என்று அடுக்கியும் எழுதினார். கிரகோரியும் சட்டத்தை மாற்றப் போராடவில்லை. நம் திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிய 1855 ஆனது.

கிறிஸ்தவ ஒழுக்கம் பலவீனர்களின் பொறாமை என்று நீட்சே சொன்னது சரியா?

1887இல் எழுதிய நூலில் நீட்சே, வலியவனைத் திருப்பி அடிக்க முடியாதவன் தன் இயலாமைக்கு நற்குணம் என்று பெயர் வைத்தான் என்றார். சாட்சிக்கு தெர்த்துல்லியனை நீளமாக மேற்கோள் காட்டுகிறார். நியாயத்தீர்ப்பு நாளில் அரசர்களும் நடுவர்களும் எரிவதைப் பார்த்து மகிழ்வேன் என்று தெர்த்துல்லியன் எழுதியது உண்மைதான். வாசித்தால் கூச்சமாக இருக்கும். அந்த இடத்தில் நீட்சே வென்றுவிட்டார்.

ஆனால் முழு வழக்கும் நிற்காது. பேசிலும் கிரகோரியும் நிலபுலமுள்ள குடும்பத்துப் பிள்ளைகள். பொறாமைப்பட அவர்களுக்கு ஒன்றுமில்லை. இன்னும் கிட்டத்தில் ஓர் உதாரணம். 1822இல் தொடங்கி நம் ஊர்களில் பெண்கள் தோள்சீலைக்காக, அதாவது மேலுடம்பை மறைக்கும் உரிமைக்காக, அடிபட்டார்கள். 1859 ஜூலை 26இல் வந்த அரச ஆணை மேலுடம்பை மறைக்கலாம் என்றது, ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்ற நிபந்தனையோடு. அந்தப் பெண்கள் கேட்டது தோள்மேல் ஒரு துணி. அதில் பொறாமையைத் தேடுகிறவரிடம்தான் கோளாறு இருக்கிறது. மாணவிகளில் ஒருத்தி, “இருந்தா என்ன அண்ணே? பொறாமைப்பட்டாலும் அவங்க கேட்டது நியாயந்தானே?” என்றாள். நான் எழுதியதைவிட அது நல்ல பதில்.

கடவுள் இல்லாமல் ஒழுக்கம் நிற்குமா?

எலிசபெத் ஆன்ஸ்கோம் என்ற கத்தோலிக்கத் தத்துவவாதி 1958இல் சொன்னது: சட்டம் கொடுப்பவரை நீக்கிவிட்டு ‘கட்டாயம் செய்ய வேண்டும்’ என்ற சொல்லை மட்டும் வைத்துக்கொள்வது, கோர்ட்டும் சட்டமும் ஒழிந்த பிறகும் ‘குற்றவாளி’ என்ற சொல்லைப் புழங்குவது போல. கூர்மையான கேள்வி. ஆனால் கடவுளை நம்பாதவன் நல்லவனாக இருக்க முடியாது என்று இதிலிருந்து முடிவுகட்ட வேண்டாம். 2ஆம் நூற்றாண்டிலேயே யுஸ்தீன், நாத்திகன் என்று பெயர் வாங்கிய சாக்ரடீஸ் போன்றவர்களும் அறிவின் வார்த்தைப்படி வாழ்ந்ததால் கிறிஸ்தவர்களே என்று எழுதிவிட்டார். எங்கள் கூட்டத்து நாத்திகருக்கு இந்தப் பட்டம் பிடிக்கவில்லை.

எதிலிருந்து வாசிக்கத் தொடங்குவது?

திதாக்கே. பதினாறு சின்ன அதிகாரங்கள், ஒரு சாயங்காலத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு பேசிலின் களஞ்சியப் பிரசங்கத்தையும் சிங்கரின் கட்டுரையையும் ஒரே வாரத்தில் வாசியுங்கள். காண்டை அவருடைய பெரிய நூலில் தொடங்கினால் பத்தாம் பக்கத்தில் தூங்கிவிடுவீர்கள். கொலைகாரன் வாசலில் நிற்கும் அந்தச் சிறு கட்டுரையில் தொடங்குங்கள், கோபமாவது வரும். அடுத்து ஃபிர்முஸ் கதை வரும் அகஸ்தீன் நூல். நீட்சேயைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு ஐந்தரைக்கு வாசகசாலை திறந்திருக்கும், கட்டன்சாயா உண்டு.